கையடக்கக் கடல் ரேடியோவும் அதன் பேட்டரியும்: என் குறிப்பேட்டிலிருந்து

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. காற்று படகைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. கரை என்றால் மணல் இல்லை, பாறை. மச்சான் அணியத்தில் நின்று நங்கூரக் கயிற்றின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் மாட்டியிருந்த, படகுகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவை எடுத்தேன். பேட்டரி படத்தில் மூன்று கட்டத்துக்கு இரண்டு இருந்தது. ஆபத்து அழைப்புக்கான சானல் 16 வைத்து, பவரை 5 வாட்டுக்கு ஏற்றி, பேசும் பட்டனை அழுத்தினேன். ‘பான் பான்’ என்ற அவசர அழைப்பின் முதல் சொல் வாயிலிருந்து வருவதற்குள் திரை இருண்டுவிட்டது.

மறுபடி ஆன் செய்தேன். அதே இரண்டு கட்டம். அழுத்தினேன், அணைந்தது.

“என்ன மச்சான், யாரும் பதில் சொல்லலையா?” என்று அவர் முன்னாலிருந்து கேட்டார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை ஆன் செய்தபோது எதற்கும் பார்ப்போம் என்று பவரை 1 வாட்டுக்குக் குறைத்தேன். பேச முடிந்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகு ஒன்று பதில் கொடுத்து, இருபது நிமிடத்தில் வந்து கயிறு போட்டு இழுத்துப் போனது. அவர்கள் அவ்வளவு பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் வரும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு குறிப்பேடு போட்டேன். ஆறு வருடமாக அதில் பேட்டரியைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். இந்தப் பதிவு அதிலிருந்து.

முதலில், அன்று நடந்தது என்ன? பேட்டரி காலியாகவில்லை, மின்சாரம் உள்ளே இருந்தது. ஆனால் கேட்ட வேகத்தில் அதனால் அதைக் கொடுக்க முடியவில்லை. ரேடியோ சும்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சில பத்து மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். 5 வாட்டில் பேசத் தொடங்கினால் ஏறத்தாழ 1.5 ஆம்பியர். அதாவது இருபது, முப்பது மடங்கு. வயதான பேட்டரிக்குள் மின்தடை கூடியிருக்கும். ஒரு ஓம் தடை இருந்தால் 1.5 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். இரண்டு லித்தியம் செல் கோத்த பேக், ஓய்வில் 7.4 வோல்ட் காட்டியது, பட்டனை அழுத்தியதும் 6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ரேடியோ தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் வோல்ட் பழைய இடத்துக்கு ஏறிவிடும், திரையிலும் இரண்டு கட்டம் திரும்ப வந்துவிடும். அந்தக் கட்டம் காட்டுவது ஓய்வில் இருக்கும் வோல்ட்டை. பேசும்போது தாங்குமா என்று அது சொல்வதில்லை.

1 வாட்டில் பேச முடிந்ததும் இதனால்தான். இழுக்கும் மின்னோட்டம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும், வோல்ட் சரிவும் பாதியாகும். பவரைக் குறைத்தால் எட்டுகிற தூரம் ஐந்தில் ஒன்றாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 5 வாட்டுக்கும் 1 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 7 டெசிபல்தான். இந்த அலைவரிசையில் தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. எழுந்து நின்று, ரேடியோவை நேராகப் பிடித்துப் பேசுவதே பாதி வேலையைச் செய்துவிடும். உங்கள் ரேடியோ பேசும்போது அணைந்தால் முதலில் 1 வாட்டுக்கு மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அட்டைப்பெட்டியில் ‘10 மணி நேரம்’ என்று போட்டிருப்பதை நான் இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். அந்தக் கணக்கு வழக்கமாக 5-5-90 என்ற விகிதத்தில் போடுவது. நேரத்தில் 5 சதவீதம் பேசுவது, 5 சதவீதம் சத்தமாகக் கேட்பது, மீதி 90 சதவீதம் அமைதியாகக் காத்திருப்பது. என் ரேடியோவுக்கு நானே போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 3 நிமிடம் பேச்சு 1.5 ஆம்பியரில், 3 நிமிடம் கேட்பது 0.3 ஆம்பியரில், 54 நிமிடம் காத்திருப்பது 0.06 ஆம்பியரில். மொத்தம் மணிக்கு 144 மில்லி ஆம்பியர் மணி செலவாகிறது. 1500 மில்லி ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரி பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. பெட்டியில் போட்டது பொய்யில்லை.

ஆனால் ஆபத்தில் யாரும் மணிக்கு மூன்று நிமிடம் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், தண்ணீர் ஏறுகிறதா, திரும்பச் சொல்லுங்கள் என்று மாறி மாறிப் போகும். நேரத்தில் 30 சதவீதம் பேச்சு, 30 சதவீதம் கேட்பது என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 560-க்கு மேல் போகிறது. பத்து மணி நேரம் இரண்டரைச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் புது பேட்டரிக்கு. மூன்று வருடம் ஓடியது என்றால் இன்னும் கழித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணை நான்கால் வகுத்து, அது எனக்குப் போதுமா என்று பார்த்துத்தான் இப்போது வாங்குகிறேன்.

வகைகளைப் பற்றிச் சொல்லும்போது என் பெரியப்பாவைச் சொல்லாமல் முடியாது. கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். 1999 பிப்ரவரி 1-ல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகளாவிய கடல் ஆபத்துத் தொடர்பு முறை முழுவதுமாக நடைமுறைக்கு வந்து மோர்ஸ் தந்தி ஓய்வு பெறும் வரைக்கும் விசையைத் தட்டியவர். எனக்கு முதல் ரேடியோ வாங்கியபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, பாதியில சார்ஜ் போடாதே. தீரத் தீர ஓட்டிட்டு அப்புறம் போடு. இல்லேன்னா அது பாதியையே ஞாபகம் வச்சுக்கும்.”

அவர் காலத்துப் பேட்டரிக்கு அது சரியான புத்திமதி. நிக்கல் காட்மியம். 1899-ல் சுவீடனில் வால்டெமர் யுங்னர் உருவாக்கிய வகை, ஏறத்தாழ நூறு வருடம் உழைத்தது. குளிரைத் தாங்கும், அடியைத் தாங்கும், ஒரேயடியாகப் பெரிய மின்னோட்டம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கும். நினைவுச் சிக்கலும், காட்மியத்தின் நச்சும்தான் அதன் குறைகள். பழைய ரேடியோவில் அந்த பேக் இருந்து நன்றாக ஓடினால் ஓட்டுங்கள். தீர்ந்ததும் குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

நான் செய்த பிழை, பெரியப்பாவின் புத்திமதியை லித்தியம் அயான் பேட்டரிக்கும் பின்பற்றியது. மூன்று வருடம், ஒவ்வொரு முறையும் ரேடியோ தானே அணையும் வரை ஓட்டி, அதற்குப் பிறகுதான் சார்ஜ் போட்டேன். லித்தியம் அயானுக்கு நினைவுச் சிக்கலே கிடையாது. அடிமட்டம் வரை இறக்குவதுதான் அதற்கு ஆகாது. காலியாக இறக்கி அப்படியே வாரக்கணக்கில் வைத்துவிட்டால் செல்லின் வோல்ட் இன்னும் கீழே இறங்கி, உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று பேக்கை மூடிவிடும். அதற்குப் பிறகு சார்ஜர் அதை ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். பாதியில் எடுத்துச் சார்ஜ் போடுவதே அதற்கு நல்லது. பெரியப்பாவிடம் பிறகு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வேற இரசாயனம்னா வேற பழக்கம்தான்டா” என்றார்.

இப்போது வருகிற கையடக்க ரேடியோக்கள் பெரும்பாலும் லித்தியம் அயான்தான். சோனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம், 2019-ல் அதற்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். எடைக்கு நிறைய மின்சாரம், சும்மா வைத்தால் மெதுவாகத்தான் இறங்கும். படகுக்கு இவை இரண்டும் பெரிய வரம். ஆனால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு வயதாகிக்கொண்டே போகும். அதனால் ‘இருக்கட்டும்’ என்று நான்கைந்து பேக்கை வாங்கி அடுக்குவதில் பயனில்லை. இரண்டு போதும். தேவைப்படும்போது புதிதாக வாங்குவதே நல்லது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடைப் பற்றியும் ஒரு சொல். டபுள் ஏ அளவில், பென் டார்ச் செல் என்கிறோமே, அந்த அளவில் வருவது. சாதாரண வகை மாதத்துக்கு இருபது சதவீதத்துக்கு மேலேயே தானாக இறங்கிவிடும். போன மாதம் சார்ஜ் போட்டேன் என்று நம்பி எடுத்துப் போனால் கடலில் ஏமாற்றம்தான். 2005-ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், மெதுவாக இறங்கும் வகையைக் கொண்டுவந்த பிறகுதான் இவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளத் தகுந்தவையாக ஆயின. இந்த வகையில் 2500 என்று எழுதியதைவிட 2000 என்று எழுதியதையே நான் எடுப்பேன். கொள்ளளவு கூடுதலாகத் திணித்த செல்கள் சார்ஜ் சுழற்சியில் சீக்கிரம் ஓய்ந்துவிடுகின்றன.

பல ரேடியோக்களுக்கு டபுள் ஏ செல் போடுகிற தட்டு தனியாக வரும். அதில் சாதாரண அல்கலைன் செல் போட்டு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். அல்கலைன் செல்லுக்கு உள்தடை அதிகம், அதனால் பல ரேடியோக்களில் அந்தத் தட்டோடு முழுப் பவர் கிடைக்காது. இரண்டாவது, அல்கலைன் ஒன்றுக்கு 1.5 வோல்ட், சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்லுக்கு 1.2. ஐந்து செல் தட்டில் 7.5 வோல்ட் 6 ஆகிவிடும். சில ரேடியோக்களின் கையேட்டிலேயே அந்தத் தட்டில் சார்ஜ் செய்யும் செல்லைப் போடாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். மூன்றாவது, அல்கலைன் போட்ட தட்டோடு ரேடியோவை எக்காரணம் கொண்டும் சார்ஜரில் உட்கார வைக்காதீர்கள்.

செல்லைத் தட்டிலேயே போட்டு வருடக்கணக்கில் வைக்கவும் கூடாது. அல்கலைன் கசியும். நான் செல்களைத் தனியே, தட்டைத் தனியே, இரண்டையும் தண்ணீர் புகாத ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகியிருக்கிறேன். இருட்டில், ஆடுகிற படகில், ஈரக் கையால்தான் அதை மாட்ட வேண்டி வரும்.

அடுத்து, விலை குறைந்த மாற்று பேக். பழைய பேட்டரிக்கு ‘அ’ என்று பெயின்டால் எழுதியிருந்தேன். அதற்குப் பதிலாக வாங்கியது ‘ஆ’. ரேடியோ செய்த நிறுவனத்தினுடையது இல்லை, வேறொருவர் செய்தது. லேபிளில் அசல் பேக்கைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு போட்டிருந்தது. கையில் வாங்கியதுமே ஏதோ உறுத்தியது, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அசலைவிட எடை குறைவு. கூடுதல் மின்சாரத்துக்குக் கூடுதல் பொருள் உள்ளே இருந்தாக வேண்டும், காற்றில் சேமிக்க முடியாது. 18650 என்கிற உருளைச் செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, மிக நல்ல தயாரிப்பாளர் செய்ததே 3500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கிறது. அதே அளவில் 9900 என்று அச்சடித்து விற்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்தாலே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

‘ஆ’வைக் கழித்ததற்கு முக்கியமான காரணம் கொள்ளளவு இல்லை, வாளித் தண்ணீர். என் ரேடியோ தண்ணீரில் மிதக்கும், ஐ.பி.எக்ஸ்.7 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தத் தரம் ரேடியோவும் அதன் சொந்த பேட்டரியும் சேர்ந்து வாங்கியது. வேறு பேட்டரி மாட்டிய அந்த நிமிடமே நாம்தான் மறுபடி சோதிக்க வேண்டும். பேக்கை மட்டும் தனியே, ரேடியோ இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீரில் முக்கிப் பிடித்தேன். ஒரு மூலையில், இரண்டு பிளாஸ்டிக் ஓடும் சேருகிற கோட்டில், கடுகளவுக்கும் சிறிய குமிழி ஒன்று ஊறி வந்தது. கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு பிரிந்து மேலே போனது. அடுத்தது வந்தது. காற்று வெளியே வருகிற வழியில் கடல் உள்ளே போகும். அதோடு ‘ஆ’வை ஒதுக்கிவிட்டேன். இப்போது ஓடுகிற ‘இ’யும் ‘ஈ’யும் ரேடியோ செய்தவர்களுடைய அசல் பேக். விலை கூடுதல்தான். என்றாலும் மாற்று பேக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். பழைய மாடலுக்கு அசல் கிடைக்காமல் போகும்போது வேறு வழியில்லை. எடை போடுங்கள், முக்கிப் பாருங்கள், மாட்டிய பிறகு ரேடியோ மிதக்கிறதா என்றும் பாருங்கள். கனமான பேக்கோடு, அல்கலைன் தட்டோடு, மிதக்கும் ரேடியோ நேரே கீழே போய்விடலாம்.

இனி உப்பு. என்னைக் கேட்டால் பேட்டரி பராமரிப்பில் முக்கால் பங்கு இதுதான்.

ரேடியோவின் பின்புறத்தில் சார்ஜ் ஏறுவதற்கு இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். கடல் தெறித்து அவற்றின் மேல் காய்ந்தால் வெள்ளையாக உப்பு பூக்கும். காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ளும், அதனால் அது உண்மையில் எப்போதுமே முழுதாகக் காய்வதில்லை. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வோல்ட் இருந்தால் அதன் வழியே சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நேர்முனைப் பக்கத்து உலோகம் அரித்துப் போகும். ‘அ’ பேக்கின் நேர்முனையை அன்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பொன்முலாம் பூசிய தகட்டின் நடுவில் மிளகளவு இடம் முலாம் போய்ச் செம்பு தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பழைய குத்துவிளக்கில் பார்ப்போமே அதே பச்சை. எதிர்முனை புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்தக் களிம்பும் தன் பங்குக்குத் தடையைக் கூட்டியிருக்கும். பேட்டரியின் உள்ளே இருந்த தடையும் வெளியே இருந்த களிம்பும் சேர்ந்துதான் அன்று என் வாயை அடைத்தன.

இப்போது கடலிலிருந்து வந்ததும் ரேடியோவை பேட்டரியோடு சேர்த்தே நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கழுவக் கூடாது, உள்ளே உள்ள தொடுமுனைகள் நனையும். குழாயைப் பீய்ச்சியும் அடிப்பதில்லை, மெதுவாக ஓடவிட்டு விரலால் தேய்த்தால் போதும். துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, அதன் பிறகுதான் பேட்டரியைக் கழற்றுவேன். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடுமுனைகளைத் துடைப்பேன். கறை போகாவிட்டால் பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் வேண்டாம். அந்த முலாம் மிக மெல்லியது, ஒரு முறை சுரண்டிவிட்டால் அடுத்த உப்புக்கு நேராகச் செம்பைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பேட்டரி பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு முறை துண்டால் துடைத்தபோது ஒரே ஒரு நூலிழை வளையத்தின் மேல் குறுக்காக ஒட்டிக்கொண்டது. தற்செயலாக விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அப்படியே மூடியிருந்தால் அந்த நூல் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போலக் கடலை உள்ளே இழுத்திருக்கும். அதிலிருந்து, மூடுவதற்கு முன் விரல் நுனியால் வளையத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் மூடுவதில்லை. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறுகிற ரேடியோ வைத்திருப்பவர்கள் அந்தச் சின்ன ரப்பர் மூடியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஈரமான ரேடியோவை சார்ஜரில் வைக்காதீர்கள். சார்ஜர் தொட்டிலைப் படகில் நிரந்தரமாகத் திறந்து வைத்திருப்பவர்கள் அதன் ஊசிமுனைகளையும் துடைக்க வேண்டும். ரேடியோவைப் பளபளவென்று வைத்துவிட்டுத் தொட்டிலை மறந்துவிடுகிறோம், நானும் மறந்திருக்கிறேன்.

சார்ஜ் செய்வதில் வெப்பம்தான் முக்கியம். லித்தியம் அயானை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, 45 டிகிரிக்கு மேலும் கூடாது. வெயிலில் நின்ற படகின் மூடிய அறை 45-ஐ எளிதாகத் தாண்டிவிடும். கடலிலிருந்து வந்த சூட்டோடு தொட்டிலில் வைக்காமல் ஆறவிடுங்கள். முழுசாக ஏற்றி வெப்பத்தில் வைப்பதுதான் இந்த பேட்டரியைச் சீக்கிரம் கிழமாக்குகிறது. பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் படகை எடுக்க மாட்டேன் என்றால் இரண்டு பேக்கையும் பாதியளவு சார்ஜில், ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக் கொஞ்சம் ஏற்றிவிடுவேன். கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மட்டுமே முழு சார்ஜ். குளிர் அதிகமான நாளில் மாற்று பேக் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கும். குளிரில் அதன் உள்தடை ஏறிவிடும், பட்டனை அழுத்தும்போதுதான் அது தெரியவரும்.

நிக்கல் செல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் சார்ஜர் வாங்குங்கள். கடிகாரம் வைத்து ‘எட்டு மணி நேரம்’ என்று ஓட்டும் மலிவு சார்ஜர் நிரம்பிய செல்லையும் போட்டு வாட்டும். ஒரு செட்டுக்கு ஒரே நிறத்தில் புள்ளி வைத்து எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள். தொடரில் ஒரு செல் முன்னால் காலியானால் மற்றவை அதைத் தலைகீழாக ஓட்டிக் கொன்றுவிடும்.

கடைசியாகச் சோதனை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு பேக்கையும் முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் பார்ப்பேன். பிறகு 5 ஓம், 25 வாட் தாங்குகிற ஒரு மின்தடையை முனைகளுக்கு இடையே மூன்று நொடி தொட வைத்து, தொட்டிருக்கும்போதே வோல்ட்டை மறுபடி பார்ப்பேன். ரேடியோ 5 வாட்டில் பேசும்போது இழுக்கிற மின்னோட்டம் ஏறத்தாழ இதில் வந்துவிடும், யாருடைய சானலையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. மின்தடை சுடும், முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். ‘இ’ புதிதாக வந்தபோது 8.3 வோல்ட்டிலிருந்து 8.0-க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் உள்தடை 0.2 ஓமுக்கும் கீழே. பழைய ‘அ’, அதே முழு சார்ஜில், 8.2-லிருந்து 7.0. அதாவது 0.86 ஓம். முழு சார்ஜிலேயே இவ்வளவு சரிவு என்றால் பாதி சார்ஜில் அது ஏன் அணைந்தது என்பது தெளிவாகிவிட்டது. ‘அ’ அன்றைக்கு ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. பல மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் 5 வாட்டில் பேசிப் பார்க்காததால் தெரியவில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி: கிளம்புவதற்கு முன், பேசுவதற்கென்று ஒதுக்கிய ஒரு சானலில், அது காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, 5 வாட்டில் நண்பரோடு சுருக்கமாகப் பேசுங்கள். சானல் 16-ல் வேண்டாம், அது அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. பேசும்போது பேட்டரி கட்டம் குறைந்து, விட்டதும் திரும்ப ஏறினால் அந்த பேக்குக்கு வயதாகிவிட்டது.

பேக் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். மேசையில் வைத்தால் ஆடுகிறதா, ரேடியோவிலிருந்து கழற்றும்போது இறுக்குகிறதா என்று பாருங்கள். உப்பிய பேக்கை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

கப்பல்களில் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பெரியப்பாதான் காட்டினார். உயிர்காப்புப் படகுக்கென்று வைத்திருக்கும் கையடக்க ரேடியோவுக்கு பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1995-ல் ஏ.809(19) என்ற தீர்மானத்தில் விதி வகுத்தது; பிறகு அதைத் திருத்தினார்கள். அன்றைய விதி இது: ஆபத்துக்கான பேட்டரி மறுபடி சார்ஜ் செய்ய முடியாத வகையாக, மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில், முத்திரையிட்டுத் தனியே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடம் கெடாமல் இருக்க வேண்டும். 6 நொடி பேச்சு, 6 நொடி கேட்பு, 48 நொடி காத்திருப்பு என்ற கணக்கில், அதிகபட்சப் பவரில் 8 மணி நேரம் ஓட வேண்டும். தினசரி வேலைக்கு வேறு பேட்டரி. முத்திரையை உடைத்தால் உடைத்தது தெரியும், அதனால் யாரும் அதை அன்றாட அரட்டைக்கு எடுக்க மாட்டார்கள். சிறு படகுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் எண்ணத்தை எடுத்துக்கொண்டேன். என் அல்கலைன் தட்டு டப்பாவைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, மேலே தேதி எழுதியிருக்கிறேன். டேப் கிழிந்திருந்தால் படகு கிளம்பாது என்று மச்சானிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நாளை விடியற்காலை போகிறோம். ‘இ’ ரேடியோவில், ‘ஈ’ பிளாஸ்டிக் பையில், மஞ்சள் டப்பா படகின் பின்பக்கத்தில், பிச்சல் பக்கத்துப் பெட்டியில். இன்று மாலை அளந்தேன்: ‘இ’ 8.3, சுமையில் 7.8. ‘ஈ’ 8.3, சுமையில் 7.9. இரண்டும் நான்காவது வருடத்தில் இருக்கின்றன. ‘இ’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.